பிணைய இயக்ககங்களில் அனுமதிச் சிக்கல்கள்

பிணைய இயக்ககங்களில் அனுமதிச் சிக்கல்கள் என்பன, ஒரு கணினியில் உள்ள கோப்புகளைக் கணினிப் பிணையத்தின் (வலையமைப்பின்) வழியாக மற்றொரு கணினியிலிருந்து திறக்கவோ மாற்றவோ முயலும்போது, அதற்கான உரிமை மறுக்கப்படுவதால் எழும் இடர்ப்பாடுகள் ஆகும். கோப்பைப் பகிரும் கணினியும் அதைப் பயன்படுத்தும் கணினியும் வெவ்வேறு இயங்குதளங்களைக் கொண்டிருக்கும்போது இவை மிகுதியாகத் தோன்றுகின்றன. ஒரு கோப்பு யாருடையது, அதை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்பனவற்றை விண்டோஸ், லினக்ஸ், மாக் ஓஎஸ் ஆகியவை வெவ்வேறு முறைகளில் பதிந்து வைக்கின்றன. ஒன்றின் பதிவை மற்றொன்று பொருள்கொள்ளும்போது ஏற்படும் பொருந்தாமையே இச்சிக்கல்களின் அடிப்படை.

பிணையத்தின் வழியாக ஒரு கோப்பைத் திறக்க நான்கு நிலைகளைக் கடக்க வேண்டும். அவை பிணையத் தொடர்பு, பயனரின் அடையாளம், பகிர்வின் அனுமதி, வட்டிலுள்ள கோப்பு முறைமையின் அனுமதி என்பனவாகும். இவற்றுள் ஒன்று மறுத்தாலும் கோப்பு திறக்காது. எந்த நிலையில் மறுப்பு ஏற்பட்டது எனக் கண்டறிந்து அதை மட்டும் சரிசெய்வதே முறையான தீர்வாகும். எல்லாக் கோப்புறைகளையும் எல்லோருக்கும் முழுமையாகத் திறந்துவிடுவது பரவலாகக் காணப்படும் வழக்கமாயினும், அது சிக்கலை மறைக்கிறதே அன்றித் தீர்ப்பதில்லை.

வரலாறு

கோப்புப் பகிர்வுக்குப் பயன்படும் எஸ்எம்பி நெறிமுறையை 1983 இல் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கினார். பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை விரிவுபடுத்தித் தன் இயங்குதளங்களில் சேர்த்தது. 1996 அளவில் அதன் ஒரு வடிவத்துக்கு சிஐஎஃப்எஸ் என்று பெயரிட்டது. யுனிக்ஸ் கணினிகளுக்கென சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984 இல் என்எஃப்எஸ் என்னும் வேறொரு நெறிமுறையை வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனம் ஏஎஃப்பி என்னும் தனக்கேயான நெறிமுறையை நெடுங்காலம் பயன்படுத்தியது.

ஆத்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992 இல், யுனிக்ஸ் கணினி ஒன்று எஸ்எம்பி வழங்கியாக இயங்குவதற்கான நிரலை வெளியிட்டார். எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடி, அதற்கு சாம்பா என்று பெயர் வைக்கப்பட்டது. திறமூல மென்பொருளான சாம்பாவே இன்றும் லினக்ஸ் கணினிகளையும் விண்டோஸ் கணினிகளையும் இணைக்கும் முதன்மையான பாலமாக விளங்குகிறது. 2003 இல் வெளிவந்த அதன் 3.0 பதிப்பு ஒருங்குறிக் கோப்புப் பெயர்களை ஆதரித்தது. 2012 இல் வெளிவந்த 4.0 பதிப்பு, விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி சேவையைத் தானே வழங்கும் திறன் பெற்றது.

எஸ்எம்பியின் இரண்டாம் பதிப்பு விண்டோஸ் விஸ்டாவுடனும், மூன்றாம் பதிப்பு 2012 இல் விண்டோஸ் 8 உடனும் வந்தன. 2013 இல் வெளியான ஓஎஸ் எக்ஸ் 10.9 முதல் ஆப்பிள் கணினிகளும் எஸ்எம்பியையே இயல்பான பகிர்வு நெறிமுறையாகக் கொண்டன. இவ்வாறு எல்லா இயங்குதளங்களும் ஒரே நெறிமுறையைப் பேசத் தொடங்கிய பின்னரும், அனுமதிகளைப் பதியும் முறைகள் ஒன்றுபடவில்லை.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டின் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பல இயங்குதளங்கள் கலந்து புழங்கும் நிலைக்கு அரசின் திட்டங்களும் ஒரு காரணமாகும். 2006-07 காலப்பகுதியில் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் (எல்காட்), அப்போதைய மேலாண் இயக்குநர் சி. உமாசங்கரின் முன்முயற்சியில், தன் அலுவலகக் கணினிகளை சூசீ லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாற்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருசேர நிறுவப்பட்டிருந்தன. இதனால் ஒரே மடிக்கணினி காலையில் ஓர் இயங்குதளத்திலிருந்தும் மாலையில் வேறொன்றிலிருந்தும் அதே பிணையத்தை அணுகக்கூடியதாயிற்று.

இணைய இணைப்பு சீராகக் கிடைக்காத மலைப்பகுதிகளில் உள்ளகப் பிணையத்தின் பயன் மிகுதி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை இதற்கு எடுத்துக்காட்டாகும். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இம்மலையின் பெரும்பகுதி அடங்கும். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் இங்கு வாழ்கின்றனர். அவர்களின் பிள்ளைகளுக்கென அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. இணையம் துண்டிக்கப்பட்டாலும், ஒரு கட்டடத்துக்குள் உள்ள கணினிகள் கம்பியாலோ கம்பியில்லாமலோ தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள இயலும். மாணவர் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழின் நகல் போன்றவை அவ்வாறான ஒரு வழங்கியில் இருக்குமானால், அவற்றைத் திறக்க முடியாமற்போவதும், யார் வேண்டுமானாலும் திறக்க முடிவதும் ஒரே அளவுக்குத் தீங்கானவை.

அனுமதி முறைகள்

யுனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. உரிமையாளர், குழு, ஏனையோர் என்னும் மூவகையினருக்கும் படித்தல் (4), எழுதுதல் (2), இயக்குதல் (1) ஆகிய உரிமைகள் தனித்தனியே குறிக்கப்படும். எடுத்துக்காட்டாக, 640 என்னும் எண் உரிமையாளர் படிக்கவும் எழுதவும், குழுவினர் படிக்க மட்டும், ஏனையோர் எதுவும் செய்யாதிருக்கவும் அனுமதிக்கிறது. அடைவுகளுக்கு 'இயக்குதல்' என்பது அதற்குள் நுழையும் உரிமையைக் குறிக்கும். மேலுள்ள அடைவுகளில் ஒன்றில் இவ்வுரிமை இல்லையெனில், உள்ளிருக்கும் கோப்பின் அனுமதி சரியாக இருந்தாலும் பயனில்லை.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அணுக்கக் கட்டுப்பாட்டுப் பட்டியல் உண்டு. அதில் எத்தனை பயனர்களையும் குழுக்களையும் வேண்டுமானாலும் சேர்க்கலாம். மேற்கோப்புறையின் அனுமதிகள் உள்ளிருப்பவற்றுக்கு மரபுரிமையாக இறங்கும். ஒரே நிலையில் உள்ள அனுமதியும் மறுப்பும் மோதினால் மறுப்பே வெல்லும்.

இரண்டுக்கும் இடையேயுள்ள மற்றொரு வேறுபாடு அடையாளம் பற்றியது. லினக்ஸ் ஒரு பயனரை எண்ணால் அறிகிறது. விண்டோஸ் 'எஸ்-1-5-21' என்றாற்போலத் தொடங்கும் நீண்ட பாதுகாப்பு அடையாளத் தொடரால் அறிகிறது. இரு கணினிகளில் ஒரே பெயரில் கணக்கு இருப்பதனால் மட்டும் இருவரும் ஒருவராகிவிடுவதில்லை. ஓர் அலுவலகம் பிரிந்து புதிய ஊரில் அமையும்போது பழைய கணினியின் வட்டைக் கழற்றிப் புதிய கணினியில் பொருத்தினால், பெயர்களுக்கு மாற்றாக அடையாளத் தொடர்கள் மட்டும் அனுமதிப் பட்டியலில் தென்படுவது இதனாலேயே. அந்நிலையில் நிர்வாகி கோப்புகளின் உரிமையைத் தன்பால் எடுத்துக்கொண்டு, புதிய கணக்குகளுக்கு அனுமதியை மீண்டும் வழங்க வேண்டும்.

விண்டோஸ் கணினி வழங்கியாக இருக்கும்போது

விண்டோஸில் பகிரப்படும் கோப்புறைக்கு இரண்டு அனுமதிகள் உள்ளன. பகிர்வு அனுமதி பிணையத்தின் வழி வருவோருக்கு மட்டும் உரியது. பாதுகாப்பு அனுமதி வட்டில் உள்ள கோப்புக்கு உரியது. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். பகிர்வில் முழு அனுமதி கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு அனுமதியை மறந்துவிடுவதும், பாதுகாப்பு அனுமதியைக் கொடுத்துவிட்டுப் பகிர்வைப் 'படிக்க மட்டும்' என விட்டுவிடுவதும் மிகப் பரவலான தவறுகள். பயனர்களைக் குழுவாகச் சேர்த்து, நுண்ணிய கட்டுப்பாடுகளைப் பாதுகாப்பு அனுமதியில் மட்டும் வைத்துக்கொள்வது குழப்பத்தைக் குறைக்கும்.

இவை தவிரப் பின்வரும் காரணங்களும் அடிக்கடி காணப்படுகின்றன.

- கடவுச்சொல் இல்லாத கணக்கு: விண்டோஸ் எக்ஸ்பி முதல், கடவுச்சொல் வைக்கப்படாத கணக்கைக் கொண்டு பிணையத்தின் வழியே நுழைவது இயல்பாகத் தடுக்கப்பட்டுள்ளது. அக்கணக்குக்குக் கடவுச்சொல் வைப்பதே தீர்வு.
- பின் எண்: கணினியின் முன் அமர்ந்து நுழையப் பயன்படும் பின் எண் பிணையத்தில் செல்லாது. கணக்கின் கடவுச்சொல்லையே தர வேண்டும்.
- நகர்த்திய கோப்புகள்: ஒரே வட்டுப் பகுதிக்குள் ஒரு கோப்பை நகர்த்தினால் அது பழைய அனுமதிகளுடனேயே செல்லக்கூடும், நகலெடுத்தால் புதிய கோப்புறையின் அனுமதிகளைப் பெறும். ஒரே கோப்புறையில் சில கோப்புகள் மட்டும் திறக்காமைக்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும்.
- குழுவில் சேர்த்த பின்னரும் மறுப்பு: பயனர் நுழையும் நேரத்திலேயே அவருடைய குழுக்கள் கணக்கிடப்படுகின்றன. புதிய குழுவில் சேர்க்கப்பட்டவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும்.
- ஒரே வழங்கிக்கு இரண்டு பெயர்கள்: ஒரு விண்டோஸ் பயனர் ஒரே வழங்கியுடன் ஒரே வேளையில் இரண்டு வேறு பயனர் பெயர்களில் இணைய இயலாது. முதல் இணைப்பைத் துண்டித்து, நற்சான்று மேலாளரில் சேமிக்கப்பட்ட பழைய கடவுச்சொல்லை நீக்கிய பின் மீண்டும் இணைய வேண்டும்.
- நிர்வாகியாக இயக்கிய நிரல்: வழக்கமான முறையில் இணைத்த பிணைய இயக்ககம், நிர்வாகி உரிமையுடன் தொடங்கப்பட்ட நிரலுக்குத் தெரியாமற்போகலாம். இரண்டும் தனித்தனி அமர்வுகளாகக் கருதப்படுவதே காரணம்.

லினக்ஸ் கணினி வழங்கியாக இருக்கும்போது

சாம்பா வழங்கியில் பகிர்வின் அனுமதி அதன் அமைப்புக் கோப்பிலும், கோப்பின் அனுமதி லினக்ஸின் கோப்பு முறைமையிலும் உள்ளன. இங்கும் இரண்டும் இசைய வேண்டும். சாம்பாவின் பகிர்வுகள் இயல்பாகப் படிக்க மட்டுமே இசைவு தருபவை. எழுத வேண்டுமெனில் அதனை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

சாம்பா கடவுச்சொற்களைத் தனியாகச் சேமிக்கிறது. லினக்ஸில் கணக்கு இருப்பவருக்கும் சாம்பாவில் தனியே கடவுச்சொல் பதியப்பட வேண்டும். இதைச் செய்யாமல், சரியான கடவுச்சொல்லைத் தந்தும் மறுக்கப்படுகிறதே எனத் திகைப்போர் பலர்.

பயனரின் வீட்டு அடைவுக்குள் ஒரு கோப்புறையைப் பகிர்வதும் சிக்கலுக்கு இடந்தரும். உபுண்டு 21.04 பதிப்பு (2021) முதல், புதிதாக உருவாகும் வீட்டு அடைவுகளுக்குள் ஏனையோர் நுழைய இயலாதவாறு அனுமதி வைக்கப்படுகிறது. பொதுக் கோப்புகளை வீட்டு அடைவுக்கு வெளியே ஒரு தனி அடைவில் வைப்பது நன்று. ஃபெடோரா, ரெட் ஹாட் வகை லினக்ஸ்களில் எஸ்இலினக்ஸ் என்னும் பாதுகாப்பு அடுக்கும் உண்டு. அனுமதி எண்கள் யாவும் சரியாக இருந்தும் அணுக்கம் மறுக்கப்பட்டால், அடைவுக்கு சாம்பா பகிர்வுக்குரிய முத்திரை இடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். எஸ்இலினக்ஸை முழுவதும் நிறுத்திவிடுவது தீர்வன்று.

இரட்டை இயங்குதளம் கொண்ட மடிக்கணினிகளில் வேறொரு சிக்கல் எழுகிறது. விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்கம் என்னும் வசதி, கணினியை முற்றாக நிறுத்தாமல் அதன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைக்கிறது. அதன்பின் லினக்ஸில் தொடங்கினால் விண்டோஸின் வட்டுப் பகுதி படிக்க மட்டுமே ஏற்றப்படலாம். அப்பகுதியைப் பிணையத்தில் பகிர்ந்திருந்தால், தொலைவில் இருப்பவருக்கு அது அனுமதி மறுப்பாகவே தோன்றும். விண்டோஸில் விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவிட்டுக் கணினியை முழுமையாக அணைப்பதே இதற்குத் தீர்வு.

லினக்ஸ் கணினி பயனராக இருக்கும்போது

விண்டோஸ் பகிர்வு ஒன்றை லினக்ஸில் ஏற்றும்போது, வேறெதுவும் குறிப்பிடாவிட்டால், கோப்புகள் யாவும் மூலப் பயனருக்கு உரியனவாகக் காட்டப்படும். சாதாரணப் பயனரால் எழுத இயலாது. ஏற்றும் கட்டளையிலேயே பயனரின் எண்ணையும் குழுவின் எண்ணையும் தர வேண்டும். ஏற்றிய பின் அனுமதியை மாற்றும் கட்டளையைக் கொடுப்பதால் பெரும்பாலும் பயனில்லை. ஏற்றும்போது தரும் இவ்வெண்கள் உள்ளூர்த் தோற்றத்தை மட்டுமே மாற்றுகின்றன. வழங்கி மறுப்பதை அவற்றால் பெற இயலாது.

லினக்ஸ் கருவின் 4.13 பதிப்பு (2017) வரை, எஸ்எம்பியின் முதற்பதிப்பே ஏற்றுவதற்கு இயல்பானதாக இருந்தது. அதன்பின் புதிய பதிப்புகள் இயல்பாயின. மிகப் பழைய சேமிப்புக் கருவிகளை ஏற்ற முயலும்போது 'வழங்கி செயலிழந்துள்ளது' என்னும் பொருள்படும் பிழைச்செய்தி வருவது, பல வேளைகளில் இந்தப் பதிப்பு வேறுபாட்டையே குறிக்கும்.

என்எஃப்எஸ் பகிர்வுகள்

என்எஃப்எஸ் நெறிமுறையின் வழக்கமான அமைப்பில் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. பயனர் கணினி சொல்லும் பயனர் எண்ணை வழங்கி அப்படியே நம்புகிறது. உபுண்டுவில் முதற்பயனரின் எண் 1000; மாக் ஓஎஸில் 501; பழைய ரெட் ஹாட் லினக்ஸ்களில் 500. ஆகவே ஒரே ஆள் இரு கணினிகளில் இருவராகவும், இரு ஆட்கள் ஒருவராகவும் ஆகிவிடக்கூடும். எல்லாக் கணினிகளிலும் ஒரே பயனருக்கு ஒரே எண்ணை வழங்குவது எளிய தீர்வாகும். மூலப் பயனராக நுழைந்தும் எழுத முடியவில்லையெனில் அது பிழையன்று. தொலைக் கணினியின் மூலப் பயனரை உரிமையற்ற பயனராக மாற்றிக்கொள்வது என்எஃப்எஸ் வழங்கியின் இயல்பான காப்பு முறையாகும்.

மாக் ஓஎஸ்

மாக் கணினியிலிருந்து பகிரும்போது, விண்டோஸ் பயனர்களுக்கான பகிர்வு எந்தெந்தக் கணக்குகளுக்கு உண்டு என்பதைத் தனியே தெரிவுசெய்ய வேண்டியிருக்கலாம். 2019 இல் வெளியான மாக் ஓஎஸ் 10.15 முதல், பயனருக்கு அனுமதி இருந்தாலும் ஒவ்வொரு செயலியும் பிணைய இயக்ககங்களைத் தொடுவதற்குத் தனி இசைவு பெற வேண்டும். ஃபைண்டரில் திறக்கும் கோப்பு வேறொரு செயலியில் திறக்கவில்லையெனில், முறைமை அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியைப் பார்க்க வேண்டும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

கோப்புப் பெயர் தமிழில் இருக்கும்போது, அனுமதி மறுப்புப் போலத் தோன்றும் வேறு சில சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது பெயரின் நீளம். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டுகளுக்குள் அமைய வேண்டும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவை. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். 'கள்ளக்குறிச்சி' என்னும் 8 எழுத்துச் சொல் 14 குறிகளைக் கொண்டது. 42 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். 'கல்வராயன்' என்பது 6 எழுத்து, 9 குறி, 27 பைட்டு. எனவே ஒரு பெயரில் ஏறத்தாழ 85 தமிழ்க் குறிகளே அடங்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையோ 255 குறிகளை ஏற்கும். விண்டோஸில் வைத்த நீண்ட தமிழ்ப் பெயருடைய கோப்பு, லினக்ஸ் வழங்கிக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படுவது இதனாலேயே. பெயரைச் சுருக்குவது போதுமானது.

இரண்டாவது ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். ஒருங்குறியில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்க் குறிகளை ஒரே குறியாகவும் எழுதலாம். இரு குறிகளின் சேர்க்கையாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸும் விண்டோஸும் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கின்றன. ஆதலால் 'கொடை' என்று பெயரிடப்பட்ட கோப்பு பட்டியலில் தெரிந்தும் திறக்க மறுக்கலாம். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பது போலவும் தோன்றலாம். அக்கோப்பை வழங்கியிலேயே மறுபெயரிடுவது தீர்வாகும்.

மூன்றாவது பழைய குறியாக்கங்கள். 1999 இல் டாம், டாப் குறியாக்கங்களையும் 2010 சூனில் ஒருங்குறியையும் டேஸ்16 ஐயும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களைக் கொண்டு வைக்கப்பட்ட பெயர்கள் பிற கணினிகளில் பொருளற்ற எழுத்துகளாகவோ வினாக்குறிகளாகவோ தெரியும். அவற்றையும் மறுபெயரிட்டே ஆக வேண்டும். முக்காற்புள்ளி, வினாக்குறி, உடுக்குறி போன்றவற்றை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் விளையும் சிக்கல் மட்டும் தமிழ்ப் பெயர்களுக்கு இல்லை.

கண்டறியும் முறை

பிழைச்செய்தியின் எண், மறுப்பு எந்த நிலையில் நிகழ்ந்தது என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

- விண்டோஸ் பிழை 53 (பாதை காணப்படவில்லை): இது அனுமதிச் சிக்கல் அன்று. வழங்கியின் பெயர், தீயரண், 445 ஆம் துறை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பெயருக்கு மாற்றாக ஐபி முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம்.
- பிழை 1326 (நுழைவு தோல்வி): பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை.
- பிழை 1219: அதே வழங்கியுடன் வேறு பெயரில் இணைப்பு ஏற்கெனவே உள்ளது.
- பிழை 5 (அணுக்கம் மறுக்கப்பட்டது): வழங்கியுடன் தொடர்பு கிடைத்துவிட்டது, பகிர்வின் அனுமதியையும் கோப்பின் அனுமதியையும் பார்க்க வேண்டும்.
- லினக்ஸ் ஏற்றுப் பிழை 13: பெரும்பாலும் கடவுச்சொல் பொருந்தாமை, சில வேளைகளில் பகிர்வின் அனுமதி.
- லினக்ஸ் ஏற்றுப் பிழை 112: பெரும்பாலும் நெறிமுறைப் பதிப்பு வேறுபாடு.

அதே கோப்பை, அதே பயனராக, வழங்கிக் கணினியின் முன் அமர்ந்தே திறந்து பார்ப்பது சிறந்த சோதனையாகும். அங்கும் திறக்கவில்லையெனில் கோப்பு முறைமையின் அனுமதியே காரணம். அங்குத் திறந்து, தொலைவிலிருந்து திறக்கவில்லையெனில் பகிர்வையோ அடையாளத்தையோ ஆராய வேண்டும். ஒருவருக்குத் திறந்து மற்றவருக்குத் திறக்கவில்லையெனில் குழுக்களை ஒப்பிட வேண்டும்.

கணினியின் கடிகாரத்தையும் பார்ப்பது நன்று. ஆக்டிவ் டைரக்டரியில் பயன்படும் கெர்பரோஸ் முறை, இயல்பாக 5 நிமிடத்துக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டை ஏற்பதில்லை. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்துபோன பழைய கணினி, ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னரும் தவறான நாளுடன் தொடங்கும். அப்போது சரியான கடவுச்சொல்லும் மறுக்கப்படும்.

எடுத்துக்காட்டு

கல்வராயன் மலையின் வெள்ளிமலை போன்ற ஓர் ஊரில், உறைவிடப் பள்ளி ஒன்றில் உபுண்டு நிறுவிய பழைய மேசைக்கணினி வழங்கியாகவும், விண்டோஸ் 11 கொண்ட அலுவலகக் கணினியும் பாஸ் லினக்ஸ் கொண்ட மடிக்கணினிகளும் பயனர் கணினிகளாகவும் உள்ளன எனக் கொள்வோம். மதிப்பெண் பட்டியலை ஆசிரியர்கள் மாற்றவும், பாடக்குறிப்புகளை மாணவர்கள் படிக்க மட்டும் செய்யவும் வேண்டும்.

1. வழங்கியில் ஆசிரியர்களுக்கென ஒரு குழுவை உருவாக்கி, ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனிக் கணக்கும் சாம்பா கடவுச்சொல்லும் தர வேண்டும். ஒரே கணக்கை எல்லோரும் பயன்படுத்தினால் யார் எதை மாற்றினார் என்பது தெரியாமற்போகும்.
2. மதிப்பெண்களுக்குரிய அடைவை அக்குழுவுக்கு உரியதாக்கி, 2770 என்னும் அனுமதியை இட வேண்டும். முதலில் உள்ள 2, அதற்குள் உருவாகும் கோப்புகள் யாவும் அதே குழுவுக்கு உரியனவாகும்படி செய்கிறது. இது இல்லையெனில் ஓர் ஆசிரியர் சேர்த்த கோப்பை மற்றோர் ஆசிரியரால் திருத்த இயலாமற்போகலாம்.
3. சாம்பா அமைப்பில் அப்பகிர்வை ஆசிரியர் குழுவுக்கு மட்டும் எழுதும் உரிமையுடன் திறந்து, புதிய கோப்புகளுக்கு 0660 என்றும் புதிய அடைவுகளுக்கு 2770 என்றும் குறிக்க வேண்டும்.
4. பாடக்குறிப்புகளைத் தனிப் பகிர்வாக்க வேண்டும். அதில் மாணவர் கணக்குக்குப் படிக்கும் உரிமையும் ஆசிரியர் குழுவுக்கு எழுதும் உரிமையும் தர வேண்டும்.
5. ஓர் ஆசிரியர் கணக்கிலும் ஒரு மாணவர் கணக்கிலும் இருந்து, இரு இயங்குதளங்களிலும் சோதிக்க வேண்டும். ஆசிரியருக்குத் திறக்கிறதா என்பதைப் போலவே, மாணவருக்கு மதிப்பெண் பட்டியல் திறக்கவில்லையா என்பதையும் சோதிப்பது இன்றியமையாதது.

பாதுகாப்பு

அனுமதிச் சிக்கலுக்குத் தீர்வாக 'எல்லோர்க்கும் முழுக் கட்டுப்பாடு' அல்லது 777 என்னும் அனுமதி பலராலும் பரிந்துரைக்கப்படுகிறது. இதனால் பிழைச்செய்தி மறைவது உண்மையே. ஆனால் பிணையத்தில் உள்ள ஏதேனும் ஒரு கணினியில் பணயத் தீநிரல் புகுந்தால், அக்கணினியின் பயனர் எழுதக்கூடிய பகிர்வுகளில் உள்ள கோப்புகள் யாவற்றையும் அது பூட்டிவிட இயலும். எழுதும் உரிமை எத்துணைப் பேருக்கு உள்ளதோ அத்துணை வாயில்கள் தீநிரலுக்குத் திறந்துள்ளன.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை என்னும் தீநிரல், எஸ்எம்பியின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி 150 இற்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. அவ்வோட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. 2017 இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709 முதல், எஸ்எம்பியின் முதற்பதிப்பு புதிய நிறுவல்களில் இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. 2019 இல் வந்த சாம்பா 4.11 உம் அதை இயல்பாக நிறுத்தியது. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு (2024), தொழில்முறைப் பதிப்புகளில் எஸ்எம்பி செய்திகளுக்குக் கையொப்பத்தைக் கட்டாயமாக்கியது. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அணுக்கத்தில் கையொப்பமிட இயலாதாகையால், அதுவரை வேலைசெய்த விருந்தினர் பகிர்வுகள் இற்றைப்படுத்தலுக்குப் பின் திறக்காமற்போகும்.

இத்தகைய தருணங்களில் பழைய நெறிமுறையையும் விருந்தினர் அணுக்கத்தையும் மீண்டும் இயக்கிக்கொள்ளும் வழிகள் உள்ளன. எனினும் வழங்கியில் பயனர் கணக்குகளை உருவாக்கிக் கடவுச்சொல்லுடன் இணைவதே பரிந்துரைக்கப்படும் வழியாகும். முதற்பதிப்பை மட்டும் அறிந்த விண்டோஸ் எக்ஸ்பி போன்ற கணினிகளை விட்டுவிட இயலாவிடின், அவற்றைப் பிற கணினிகளிலிருந்து பிரித்துத் தனிப் பிணையத்தில் வைக்க வேண்டும். எந்த அனுமதி மாற்றத்துக்கும் முன்னர், பிணையத்தோடு இணைக்கப்படாத வேறொரு வட்டில் கோப்புகளின் காப்புநகலை எடுத்து வைப்பது நன்று.

இவற்றையும் பார்க்கவும்

- சாம்பா (மென்பொருள்)
- கோப்பு முறைமை
- கணினி வலையமைப்பு
- பாஸ் லினக்ஸ்
- தமிழ் ஒருங்குறி
- கல்வராயன் மலை